தாகுவானுக்கு வெள்ளை எழுத்தில்

உராகாமி தெருஹிகோவைக் கல்லுளிமங்கன் என்றுதான் சொல்லவேண்டும். குராயோஷி ஓட்டுநர் பள்ளியில் முப்பத்தொரு வருடமாக மாணவர்களுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, "கண்ணாடி", "இடது", "பிரேக்" என்ற மூன்று வார்த்தைகளிலேயே பிழைப்பை ஓட்டிவிட்டார். நாலாவது வார்த்தை வேண்டுமென்றால் காலில் விழுந்துதான் கேட்கவேண்டும். அப்படிப்பட்ட மனிதர் பிப்ரவரி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், அலுவலகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு "ஐயோ, போச்சு" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்.

முன்மேசையில் விண்ணப்பங்களை அடுக்கிக்கொண்டிருந்த ஹருயோ அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். வயது ஐம்பத்தெட்டு. புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருடம். வாய்க்கு மட்டும் இன்னும் பதினெட்டு.

"என்ன வாத்தியாரே, என்ன போச்சு? பேசக்கூடத் தெரியுமா உங்களுக்கு?"

"மூடப் போறான்."

"யாரு? நம்ம பள்ளிக்கூடத்தையா?"

"இல்ல. இதை."

திரையில் ஓர் அறிவிப்பு இருந்தது. யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தங்கள் பக்கத்தை வைத்துக்கொள்ள இத்தனை வருடம் இடம் கொடுத்த கம்பெனி, மார்ச் முப்பத்தொன்றாம் தேதியோடு கடையைச் சாத்துகிறது. அதற்குள் உங்கள் சாமான்களை எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு எங்களைக் கேட்காதீர்கள் என்று மிக மரியாதையாக எழுதியிருந்தான்.

ஹருயோவுக்கு விளங்கவில்லை. "உங்களுக்கு என்ன பக்கம் இருக்கு அதுல? ரகசியமா கவிதை எழுதறீங்களா?"

"என் மகளோடது" என்றார் உராகாமி.

ஹருயோ வாயை மூடிக்கொண்டாள். இந்த ஆளுக்கு ஒரு மகள் இருக்கிறாள், ஒன்பது வருடமாகப் போக்குவரத்து இல்லை என்பது ஊருக்கே தெரியும். அதைப் பற்றி அவரே வாய் திறந்தது இதுதான் முதல் தடவை.

மகள் பெயர் நாகிசா. அவள் உயர்நிலைப் பள்ளிக்குப் போன வருடத்தில்தான் அவள் அம்மா செத்துப்போனாள். அதற்கப்புறம் வீட்டில் அப்பாவும் மகளும் பேசிக்கொண்டது, "சோறு", "குளியல்", "படு", அவ்வளவுதான். அந்தச் சமயத்தில்தான் ஜப்பான் முழுக்கக் கம்ப்யூட்டரில் தப்பிக்கும் விளையாட்டுப் பைத்தியம் பிடித்தது. ஓர் அறைக்குள் மாட்டிக்கொண்டிருப்பீர்கள். கதவு பூட்டியிருக்கும். கட்டிலடி, படத்துக்குப் பின்னால், மெத்தை மடிப்பு என்று மவுஸால் குத்திக் குத்திப் பார்த்து, சாவியையும் பூட்டு எண்ணையும் கண்டுபிடித்து வெளியே வரவேண்டும். காசு கிடையாது, எதையும் வாங்கவேண்டாம், பிரவுசரைத் திறந்தால் போதும். நாகிசாதான் பள்ளியிலிருந்து கேள்விப்பட்டு வந்து ஆரம்பித்தாள். கணப்பு வைத்த கோதாட்சு மேசைக்கு அடியில் காலை நீட்டிக்கொண்டு இரண்டு பேரும் ஒரே திரையைப் பார்த்தார்கள். "திரைச்சீலையைத் தூக்குங்கப்பா." "தூக்கியாச்சு." "பின்னாடி?" "ஒண்ணுமில்ல." அது ஒரு பேச்சா என்றால், அந்த வீட்டுக்கு அது பேச்சு.

ஒவ்வொரு விளையாட்டுக்கும் கீழே கருத்துப் பலகை ஒன்று இருக்கும். மாட்டிக்கொண்டவர்கள் அங்கே போய்க் கதறுவார்கள். தப்பித்தவர்கள் துப்புக் கொடுப்பார்கள். ஆனால் துப்பைப் பட்டவர்த்தனமாக எழுதினால் அடுத்தவன் ஆட்டம் கெட்டுவிடும் அல்லவா? அதனால் வெள்ளைப் பக்கத்தில் வெள்ளை எழுத்தில் எழுதுவார்கள். சும்மா பார்த்தால் வெற்றிடம். மவுஸை அழுத்தி இழுத்துத் தேய்த்தால் நீலப் பட்டைக்குள் எழுத்துத் தெரியும். வேண்டியவன் தேய்த்துக்கொள்வான், வேண்டாதவன் தாண்டிப் போவான். அந்தக் கூட்டத்துக்கு இது எழுதாத சட்டம்.

உராகாமி தேய்க்கிற ஜாதி. மகள் குளிக்கப் போன நேரமாகப் பார்த்துத் தேய்த்துவிட்டு, அவள் ஈரத்தலையோடு வந்து உட்கார்ந்ததும், "இந்தக் கடிகாரத்துல ஏதோ இருக்குமோ?" என்று பெரிய மேதை மாதிரி கடிகாரத்தைத் தொடுவார். ஒருநாள் துண்டை மறந்துவிட்டுத் திரும்பி வந்த நாகிசா, அப்பா திரையைத் தேய்த்துக்கொண்டிருந்ததைக் கையும் களவுமாகப் பிடித்தாள். "கள்ளன்! அப்பா கள்ளன்!" என்று சிரித்தாள் பாருங்கள், புரையேறி, முதுகில் தட்டவேண்டியதாகிவிட்டது. அவள் அம்மா போனதற்கப்புறம் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. அதிலிருந்து உராகாமி மாட்டிக்கொள்வதற்காகவே திருடினார்.

பலகையில் எழுத ஒரு புனைபெயர் வேண்டுமே. அன்றைக்குத் தட்டில் மஞ்சள் முள்ளங்கி ஊறுகாய் இருந்தது. அதன் பெயரையே எடுத்து "தாகுவான்" என்று வைத்துக்கொண்டார். மகள், "உங்க மூஞ்சிக்குப் பொருத்தம்" என்றாள்.

இப்படி இருந்த மகளோடு சண்டை எப்படி வந்தது? எல்லா வீட்டிலும் வருகிற மாதிரிதான். ஒசாகாவில் படித்து, ஒசாகாவிலேயே வேலைக்குப் போய், இருபத்தொரு வயதில் புத்தாண்டுக்கு வீட்டுக்கு வந்தவள், வேலையை விட்டுவிட்டேன், இனிமேல் அந்த மாதிரி விளையாட்டுகளை நானே செய்யப் போகிறேன் என்றாள். "சும்மா கொடுக்கற சாமானைச் செஞ்சு யாருடி சோறு தின்னான்?" என்றார் இவர். அவள் ஏதோ சொன்னாள். இவர் அதற்கு மேல் சொன்னார். கடைசியில், "ஆளாகாம இந்த வாசப்படி மிதிக்காத. போனும் பண்ணாத" என்று ஒரு வார்த்தை விழுந்துவிட்டது. பேசாத மனிதன் பேசினால் இப்படித்தான், அளவு தெரியாது. அவள் பனியில் பெட்டியை இழுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தே போனாள்.

அந்த வருடம் இலையுதிர் காலத்தில் "நாகியின் குடிசை" என்ற பெயரில் புதிதாக ஒரு தப்பிக்கும் விளையாட்டு வந்தது. உராகாமி திறந்து பார்த்தார். மாட்டிக்கொண்டிருந்த அறை அவர் வீட்டுச் சமையலறை. கதவில் ஒடுக்கு விழுந்த ஃப்ரிட்ஜ். பேரிக்காய்க் கூட்டுறவுச் சங்கத்து நாட்காட்டி.

அன்றைக்கே ஒரு சத்தியம் செய்துகொண்டார். மகள் ராத்திரி பகல் பாராமல் உட்கார்ந்து கட்டிய அறை இது. இதிலும் திருடினால் நான் மனிதனே இல்லை. எத்தனை நாள் ஆனாலும் சரி, வெள்ளை எழுத்தைத் தொடமாட்டேன், என் புத்தியாலேயே வெளியே வருவேன். வாயால் மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனிதர், இப்படிக் கேட்டுக்கொண்டதாக நினைத்துக்கொண்டார்.

அந்த முதல் ஆட்டத்துக்குப் பதினெட்டு நாள் ஆனது. பலகையில், எல்லாரும் மரியாதைக்கு எழுதுகிற அதே வரியை எழுதினார்: "தப்பித்து வந்துவிட்டேன். விளையாட்டுக்கு நன்றி. தாகுவான்." செய்தவர் ஒவ்வொருவருக்கும் பதில் போடுவதும் மரியாதை. மறுநாள் வந்தது: "விளையாடியதற்கு நன்றி, தாகுவான் அவர்களே." அதற்குக் கீழே கொஞ்சம் வெற்றிடம். வேறு யாருக்கோ துப்பாக இருக்கும் என்று உராகாமி கண்ணைத் திருப்பிக்கொண்டார். அந்த ஒற்றை வரியை மட்டும் நூறு தடவை படித்தார்.

ஆறு வருடத்தில் பதினொரு விளையாட்டுகள் வந்தன. பதினொரு தடவை அதே வரி, அதே பதில். ஒன்பதாவதுக்கு நாற்பத்தொரு நாள் திண்டாடினார். அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், ஆனால் இரண்டு பேரும் தெரியாத மாதிரி. பதினொன்றாவதுக்குப் பிறகு மட்டும் உராகாமிக்கு மனது கேட்கவில்லை. இரண்டு வாரம் யோசித்து, எழுதி, அழித்து, மறுபடி எழுதி, அவளுடைய பதிலுக்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தார்: "அடுத்த விளையாட்டுக்காகக் காத்திருக்கிறேன்." அவர் அகராதியில் அதற்கு 'நீ இல்லாமல் வீடு வீடாக இல்லை' என்று அர்த்தம். அதற்குப் பதில் வரவில்லை. அடுத்த விளையாட்டும் வரவில்லை. இரண்டே கால் வருடமாகத் தினமும் மதியம் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார். அவருக்கும் மகளுக்கும் நடுவில் மிச்சமிருந்தது அந்தப் பக்கம் ஒன்றுதான். அதைத்தான் மூடப்போகிறார்கள்.

"அந்தப் பலகையை மட்டும் காகிதத்துல எடுக்க முடியுமா?" என்று ஹருயோவிடம் கேட்டார். "அவ எனக்குப் போட்ட பதில். பதினோரு வரி."

"இதுக்கா இப்படித் தயங்கறீங்க? தள்ளுங்க, நான் எடுத்துத் தரேன். மத்தியான வகுப்புக்குப் போங்க, அந்த ஸ்கூட்டர் பொண்ணு இன்னிக்கும் சுவத்துல முட்டாம பாத்துக்குங்க."

உராகாமி போய்விட்டார். ஹருயோ பதினொரு பக்கத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து, மேலிருந்து கீழ் வரை மொத்தமாகத் தெரிவுசெய்து, விண்ணப்பம் தயாரிக்கிற கோப்பில் கொண்டுவந்து ஒட்டினாள். மை வீணாகக்கூடாது என்று படம், வண்ணம் எல்லாவற்றையும் நீக்கி எழுத்தை மட்டும் ஒட்டுவது அவள் பழக்கம். அப்படி ஒட்டினால் எல்லா எழுத்தும் கறுப்பாகத்தானே வரும்? வந்தது. பதினொரு வரி என்று சொன்னாரே, இதென்ன பத்துப் பக்கத்துக்குப் போகிறது என்று ஹருயோ மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

உராகாமி நாலு மணிக்குத் திரும்பி வந்தபோது அவள் மூக்கு சிவந்திருந்தது. அடுக்கிய காகிதத்தை அவர் கையில் கொடுக்கவில்லை, மேசையில் அறைந்தாள்.

"நீங்க மனுஷனா வாத்தியாரே? இத்தனையும் படிச்சுட்டு எப்படி ஒரு வரி, ஒரே வரி, திரும்பத் திரும்ப எழுதினீங்க? என் புருஷன் குடிகாரன், ஆனா உங்கள மாதிரி கல்நெஞ்சன் இல்ல."

"எதைப் படிச்சுட்டு?" என்றார் உராகாமி.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்குக் கோபம் வடிந்து வேறு ஏதோ பயம் வந்தது. "உக்காருங்க" என்றாள். "உக்காந்து படிங்க. நான் கதவைச் சாத்திட்டு வெளிய இருக்கேன்."

முதல் விளையாட்டு. விளையாடியதற்கு நன்றி, தாகுவான் அவர்களே. அதற்குக் கீழே:

"கள்ளா, இங்க தேய்க்காம இருக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். நல்லா இருக்கீங்களா? நம்ம சமையலறையைக் கண்டுபிடிச்சீங்களா? போன் பண்ணாதன்னு சொன்னீங்க. எழுதாதன்னு சொல்லல இல்ல?"

இரண்டாவது: "பதில் இல்ல. இன்னும் கோபமா? சரி, இருங்க. நான் இங்க சாப்பாட்டுப் பெட்டி விக்கற கடையில வேலை பாக்கறேன். சோத்துக்குப் பஞ்சமில்ல, அதைத்தானே கேட்டீங்க."

நாலாவது: "சுமிரேன்னு ஒருத்தரோட சேந்து வீடு எடுத்திருக்கேன். நல்ல மனுஷி. உங்களப் பத்தி நெறைய சொல்லியிருக்கேன். உங்களுக்கும் அவளப் பிடிக்கும், அவளும் கள்ளி."

ஏழாவதில் எழுத்து குறைந்திருந்தது. "கண்ணு ஓரமெல்லாம் இருட்டா இருக்கு. ஆஸ்பத்திரியில விழித்திரை நோய்னு சொன்னாங்க. ஓரத்துலேருந்து நடுவுக்கு வருமாம். பயமா இருக்குப்பா."

எட்டாவதில் ஒசாகா முகவரி முழுசாக இருந்தது. ஸ்டேஷன் பெயர், எந்தப் பக்கத்து வாசல், எத்தனையாவது வீடு. "நீங்க எதுவும் பேச வேணாம். அடுத்த தடவை அந்த வரியை மட்டும் கொஞ்சம் மாத்தி எழுதுங்க. எப்படி மாத்தினாலும் சரி. நான் புரிஞ்சுக்கிட்டுப் போன் பண்றேன்."

ஒன்பதாவது: "நாப்பத்தொரு நாள் தினமும் பார்த்தேன். கடைசியில அதே வரி."

பத்தாவதில் ஒரே வரி. "புரியுது. இருந்தாலும் எழுதறேன்."

பதினொன்றாவது நீளமாக இருந்தது. உராகாமி எழுந்து நின்றுகொண்டு படித்தார். ஏன் எழுந்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

"அப்பா, இதுதான் கடைசி விளையாட்டு. இனிமே என்னால செய்ய முடியாது, நடுவுல காசு அகலம்தான் தெரியுது. அடுத்த சகுரா பூக்கறதுக்குள்ள அதுவும் போயிடும்னு டாக்டர் சொல்றார். அதுக்குள்ள என்னென்ன பாக்கணும்னு சுமிரேயும் நானும் பட்டியல் போட்டோம். கடல் பார்த்தாச்சு. உங்க முகம் பாக்கணும். வீட்டு ஆல்பத்துல உங்க படம் ஒண்ணுகூட இல்ல, எல்லாப் படத்தையும் எடுத்தவர் நீங்கதானே. நான் பழசெல்லாம் பேச மாட்டேன். கேக்க மாட்டேன். வந்து எதிர்ல ஒரு மணி நேரம் உக்காந்துட்டுப் போங்க. வருவீங்கன்னா இதுக்குக் கீழ ஒரு வார்த்தை எழுதுங்க."

அதற்குக் கீழே அவர் எழுதிய வரி இருந்தது. அடுத்த விளையாட்டுக்காகக் காத்திருக்கிறேன்.

இந்த இடத்தில் சொல்வதற்கென்றே நம் பாஷையில் ஒரு பழமொழி தயாராக இருக்கிறது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஹருயோ கதவைத் திறந்தபோது உராகாமி நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். "நான் தேய்க்கல" என்றார். "திருடக் கூடாதுன்னு இருந்தேன், ஹருயோ அம்மா. அவ விளையாட்டுல மட்டும் திருடக் கூடாதுன்னு." இதைச் சொன்னதும் நாற்காலியில் உட்கார்ந்தார். ஐம்பத்தேழு வயது ஆம்பிளை, ஓட்டுநர் பள்ளிச் சீருடையில், ஓவென்று அழுதார். வெளியே ஸ்கூட்டர் பெண் எட்டிப் பார்க்க, ஹருயோ அவளை விரட்டிவிட்டாள்.

முப்பத்தொரு வருடத்தில் முதல்முறையாக மறுநாள் எல்லா வகுப்பையும் ரத்து செய்தார். ஒசாகாவுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஸ்டேஷன் கடையில் அவளுக்குப் பிடித்த ஊர்ப் பண்டமான டோஃபு சிகுவா ஐந்து வாங்கிக்கொண்டார். சீருடைக்கு மேல் கோட்டுப் போட்டிருந்தார், வேறு நல்ல சட்டை எதுவும் அவருக்கு ஞாபகம் வரவில்லை. முகவரி மூன்றரை வருடத்துக்கு முந்தையது. வீடு மாறியிருந்தால்? மாறியிருக்கட்டும், தேடுவேன் என்று சொல்லிக்கொண்டார். மாறியிருக்கக் கூடாதே என்று வழி முழுக்க வேண்டிக்கொண்டார். ரயில் பெட்டியில் பக்கத்து இருக்கைக்காரன் என்ன பார்க்கிறான் என்றுகூட இவருக்குத் தெரியவில்லை, அந்தக் காகிதக் கட்டையே மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார்.

வீடு மாறவில்லை. தொழிற்சாலைகளுக்கு நடுவில் இரண்டு மாடிக் கட்டடம், கீழ்த்தளத்தில் கடைசிக் கதவு. மணியை அடித்ததும் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே திறந்தாள்.

"யாரு வேணும்?"

"உராகாமி. நாகிசாவோட..."

அவள் மேலிருந்து கீழாகப் பார்த்தாள். சுமிரேயாகத்தான் இருக்கவேண்டும். "ஓஹோ" என்றாள். "இப்பத்தான் வண்டி கிடைச்சுதா? குராயோஷி என்ன அமெரிக்காவுலயா இருக்கு?"

உராகாமி தலையைக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

"அந்தக் கடைசி விளையாட்டு போட்ட வருஷம் டிசம்பர் முழுக்க அவ போனைக் கையில வெச்சுக்கிட்டே தூங்கினா, தெரியுமா? நீங்க அடுத்த விளையாட்டு கேட்டீங்க. நான் அதைப் படிச்சுக் காட்ட மாட்டேன்னு சொன்னேன். படின்னா. படிச்சேன். ரெண்டு நாள் சாப்பிடல. இப்ப எதுக்கு வந்தீங்க, விளையாட்டு வாங்கிட்டுப் போகவா?"

"சுமிரே, யாரு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

சுமிரே உராகாமியையே பார்த்தாள். உராகாமி கல்லைப் புரட்டுகிற மாதிரி, "நான்தான்" என்றார்.

உள்ளே எதையோ மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. சுமிரே ஓரமாக விலகி நின்றாள். "செருப்பைக் கழட்டிட்டு வாங்க. கழட்டின செருப்பை ஓரமா வைங்க, அவ தடுக்கிடுவா."

நாகிசா தாழ்ந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். அவள் அம்மா ஜாடை நன்றாக வந்திருந்தது. உராகாமி எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்தார். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், நேராக விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"நான் படிக்கல, நாகிசா. ஒண்ணுகூடப் படிக்கல. நேத்துதான் பார்த்தேன். பக்கத்தை மூடப் போறாங்கன்னு காகிதத்துல எடுக்கச் சொன்னேன், அதுல வந்துடுச்சு."

"படிக்கலையா?" என்றாள். "நீங்களா? வெள்ளை எழுத்தையா? யார்கிட்ட கதை விடறீங்க?"

"உன் விளையாட்டுல திருடக் கூடாதுன்னு இருந்தேன். நீ கஷ்டப்பட்டுச் செஞ்சது. நானே என் புத்தியில வெளிய வரணும்னு. அதான் அத்தனை நாள் ஆச்சு."

நாகிசா சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள். தோள் குலுங்க, கையிலிருந்த துண்டை வாயில் வைத்துக்கொண்டு, சுமிரே பயந்துபோய் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தது எப்போது அழுகையாக மாறியது என்று யாருக்கும் தெரியவில்லை.

"நீங்க திருடுவீங்கன்னு நம்பித்தானேப்பா எழுதினேன்" என்றாள். "உலகத்துல யார் தேய்க்காட்டியும் எங்கப்பா தேய்ப்பார்னு. என் அப்பா கள்ளன்னு சுமிரேகிட்ட எவ்வளவு பெருமையா சொல்லியிருக்கேன். நீங்க போய் எனக்காக நல்லவர் ஆயிட்டீங்களா? யாரு கேட்டா?"

உராகாமி காகிதக் கட்டை மேசையில் வைத்து, மறுபடி மடியில் எடுத்துக்கொண்டார்.

"ரெண்டு வருஷமா உங்க மேல கோபமா இருந்தேன். நல்லா வசதியா இருந்துச்சு. எங்கப்பன் பொல்லாதவன், அவ்வளவுதான்னு துணி மடிக்கற மாதிரி மடிச்சு வெச்சுட்டேன். இப்ப வந்து நான் படிக்கவே இல்லங்கறீங்க. இனி யார் மேலப்பா கோபப்படறது? வெள்ளை எழுத்து மேலயா?"

"என் மேலயே படு" என்றார் உராகாமி. "வாசப்படி மிதிக்காதன்னு சொன்னவன் நான்தான். உனக்கு ஒரு போன் பண்ண நான் யாரைக் கேக்கணும்? எனக்குத்தான் வாய் வரல. பதினோரு தடவை உன் வீட்டுக்குள்ள வந்துட்டு, உன்னைக் கூப்பிடாமலே திரும்பிப் போயிட்டேன்."

சுமிரே தேநீர் கொண்டுவந்து வைத்தாள். வைத்த கை மேசையிலேயே கொஞ்சம் இருந்தது. பிறகு அடுப்படிக்குப் போய், சும்மா இருந்த குழாயைத் திறந்துவிட்டாள்.

உராகாமி மூக்கை உறிஞ்சினார். பட்டியலில் மிச்சம் இருந்தது அவர் முகம் ஒன்றுதான் என்பது ஞாபகத்துக்கு வந்தது. அதை வார்த்தையிலாவது கொடுக்கலாமே என்று, தெரிந்த மட்டும் ஆரம்பித்தார். "முடி முன்னாடி கொட்டிப் போச்சு. பாக்கி வெள்ளை. கீழ்வரிசையில ரெண்டு பல் கட்டினது. கன்னம் கொஞ்சம்..."

"வேணாம்ப்பா. சொல்லாதீங்க."

அவர் நிறுத்தினார்.

"என்கிட்ட இருக்கறது பழைய முகம்தான். பனியில வாசல்ல நின்னு கத்தின முகம். ஆனா அது நானே பார்த்தது. நீங்க புதுசு சொன்னீங்கன்னா அதுவும் கலங்கிடும். ஏற்கனவே மங்கிட்டுத்தான் வருது. மூக்கு இருக்கு, கண்ணாடி இருக்கு, வாய் எப்படி இருந்துச்சுன்னு இப்பல்லாம் வர மாட்டேங்குது."

உராகாமி அழுதார். இந்தத் தடவை சத்தம் வராமல், பல்லைக் கடித்துக்கொண்டு, காகிதக் கட்டை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். மகளுக்கு முன்னால் சத்தம் போட்டு அழுது அவளை வேறு கஷ்டப்படுத்தக் கூடாது என்று நினைத்தார். குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நேரம் போனது.

"அப்பா?" என்றாள் நாகிசா. "இருக்கீங்களா?"

அவர் தலையை ஆட்டினார்.

"அப்பா!" குரல் உயர்ந்தது. கை மேசை மேல் தடவித் தேநீர்க் கோப்பையில் இடித்தது. "போயிட்டீங்களா? பேசுங்கப்பா. நீங்க பேசாம இருந்தா எனக்கு நீங்க இங்க இல்லன்னுதான் அர்த்தம். ஒண்ணும் இல்லேன்னா ஓட்டுநர் பள்ளியில சொல்ற மாதிரி 'பிரேக்'னாவது சொல்லுங்க."

உராகாமி தலையைத் தூக்கினார். அவள் தன் பக்கம் திரும்பித்தான் பேசுகிறாள் என்று இவ்வளவு நேரமும் நினைத்துக்கொண்டிருந்தார். இல்லை. அவள் முகம் அவருக்கு ஒரு முழம் இடது பக்கம், வெறும் சுவரைப் பார்த்துக் காத்துக்கொண்டிருந்தது. புருவம் உயர்ந்து, உதடு கொஞ்சம் திறந்து, யாரோ வரப்போகிற வாசலைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் மண்டியிட்டபடியே மெதுவாக நகர்ந்து, அவள் கண் பார்த்த அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"இருக்கேன்" என்றார். "இங்கதான் இருக்கேன்."

பிறகு பேச ஆரம்பித்தார். குராயோஷியில் இந்த வருடம் பனி குறைவு என்றார். பேரிக்காய்த் தோட்டத்தில் கிளை வெட்டு முடிந்துவிட்டது என்றார். ஹருயோ என்று ஒரு பொம்பளை இருக்கிறாள், வாய் ஊர் கொள்ளாது என்றார். வார்த்தை தீர்ந்துபோய் நின்றபோதெல்லாம் அவள் முகத்தில் பயம் வந்ததைப் பார்த்து, எதையாவது இழுத்து மறுபடி தொடங்கினார்.